பழைய வீராவுக்கு இன்ஜெக்டர்: கழுவிப் போடுவதா, ஹாஃப்கட் வாங்குவதா, புதுசா?

புரோட்டோன் வீரா 1993-ல் வந்து 2009 வரை தயாரான வண்டி. கோலாலம்பூரில் எந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போனாலும் இன்னும் ஒன்றிரண்டு கண்ணில் படும். 1.5 எம்பிஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) வண்டியில் இருப்பது மிட்சுபிஷியின் 4ஜி15 எஞ்சின். சாமான் எளிதாகக் கிடைக்கும், கையில் பத்து, பன்னிரண்டு ஸ்பேனர் இருந்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். அந்த வண்டி ஐட்லிங்கில் உதறுகிறது, டீக்கடையில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆக இழுக்கிறது என்று சொன்னால் பட்டறையில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்ஜெக்டர் மாத்திடுங்கண்ணே." இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் சின்ன மின் வால்வு, சிலிண்டருக்கு ஒன்று.

மாற்றுவதற்கு மூன்று வழி சந்தையில் இருக்கிறது. சான் சோவ் லின் மாதிரி பட்டறைகள் நிறைந்த இடத்தில் அல்ட்ராசோனிக் முறையில் கழுவிக் கொடுக்கிறார்கள். கிள்ளான், சுங்கை பூலோ பக்கத்து ஹாஃப்கட் கடைகளில், அதாவது பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிகளின் சாமான் விற்கும் கடைகளில், ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் கிடைக்கிறது. ஆன்லைனில் பேர் தெரியாத புது இன்ஜெக்டர் நான்காகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இந்த மூன்றையும், இவற்றோடு கட்டாயம் வாங்க வேண்டிய சீல் கிட்டையும் பற்றியதுதான் இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: காயில் (இன்ஜெக்டருக்குள் இருக்கும் மின் கம்பிச்சுருள்) சாகாமல், கழுவினால் ஒழுகலும் நிற்கிற வரைக்கும், வண்டியோடு வந்த இன்ஜெக்டரைக் கழுவி, சீலும் பில்டரும் புதுசாகப் போடுவதுதான் நல்ல செலவு. காயில் செத்தால் ஹாஃப்கட். பேர் இல்லாத புது செட் கடைசி வழி.

பணத்தை எடுக்கும் முன்

இன்ஜெக்டர்தான் காரணமா என்று பார்க்காமல் கடைக்குப் போகக் கூடாது. 4ஜி15 டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த எஞ்சின். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல், பழைய ஸ்பார்க் பிளக் கேபிள் இரண்டும் இன்ஜெக்டர் அடைப்பு மாதிரியே உதறலைக் கொடுக்கும். மழை நாளில் மட்டும் உதறினால் இன்ஜெக்டரைத் தொட வேண்டாம், மூடியையும் கேபிளையும் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியில் காதை வையுங்கள். ஃபேன் பெல்ட்டிலிருந்து சட்டையும் முடியும் தள்ளியே இருக்கட்டும். நான்கிலும் ஒரே மாதிரி டிக் டிக் சத்தம் வர வேண்டும். ஒன்றில் வரவில்லை என்றால் கனெக்டரா, வயரா, காயிலா என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று பழுப்பு நிறத்தில் இருந்து ஒன்று மட்டும் கரிபிடித்திருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுவதாகச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அங்கே பெட்ரோல் குறைவு. எஞ்சின் ஆயில் குச்சியை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து ஆயில் அளவும் ஏறியிருந்தால் ஒழுகல் முற்றிவிட்டது. அந்த ஆயிலோடு வண்டியை மேலும் ஓட்டினால் பேரிங் தேயும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். இந்த மிட்சுபிஷி எஞ்சின்களில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்கும் (வெற்றிட) ஓஸைக் கழற்றி அடைத்த நிலையில் சுமார் 330 கிலோபாஸ்கல், ஓஸ் மாட்டிய நிலையில் சுமார் 265 காட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்தி இரண்டு நிமிடம் முள்ளைப் பாருங்கள். மெதுவாக இறங்கினால் இன்ஜெக்டர் ஒழுகல். நிறுத்திய நொடியே விழுந்தால் தொட்டியில் இருக்கும் பம்ப்பின் வால்வு. மிச்சப் பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஓஸை நசுக்கிப் பிடித்ததும் இறக்கம் நின்றால் ரெகுலேட்டர். நாலு இன்ஜெக்டர் மாற்றியும் சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் பல, இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் சாமான் வாங்கிய வண்டிகள்தான்.

கழுவிக் கொடுக்கும் சேவை

நான்குக்கும் சேர்த்து நூறு வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டி வரும், கடைக்குக் கடை கொஞ்சம் ஏறும் இறங்கும். ஆனால் ‘கழுவுவது’ என்ற ஒரே பெயரில் இரண்டு தரத்து வேலை நடக்கிறது.

ஒழுங்கான கடையில் முதலில் அழுக்கு இன்ஜெக்டரையே பெஞ்சில் மாட்டி, நான்கு கண்ணாடிக் குழாயில் எவ்வளவு விழுகிறது என்று அளப்பார்கள். தெளிப்பு கூம்பாக விரிகிறதா, ஒரு பக்கம் கோடாகப் பாய்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பிரஷர் மட்டும் கொடுத்து மூடிய நிலையில் சொட்டுகிறதா என்று பார்ப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழுந்தால் அது தேறாதது. அதன்பின் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து, மின் துடிப்பு கொடுத்து, ஊசி திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதே கழுவுவார்கள். துடிப்பு இல்லாமல் தொட்டியில் போட்டுவைத்தால் வெளிப்புறம்தான் பளபளக்கும். உள்ளே ஊசி உட்காரும் இடத்தில் பிடித்த வார்னிஷ் அப்படியே இருக்கும். கடைசியில் எதிர்த்திசையில் திரவம் செலுத்தி, பில்டர் மாற்றி, மறுபடியும் அளந்து காட்டுவார்கள்.

முன் அளவும் பின் அளவும் எழுதிக் கேளுங்கள். கழுவிய பிறகு நான்குக்கும் இடையில் வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் வர வேண்டும், நல்ல செட் இரண்டு சதவீதத்துக்கே வந்துவிடும். எழுதித் தர மறுக்கும் கடையில் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இன்ஜெக்டரின் மேல்வாயில், பெட்ரோல் நுழையும் இடத்தில், விரல் நகத்தை விடச் சிறியதாக ஒரு வலைக்கூடை பில்டர் இருக்கிறது. அதைச் சின்ன ஸ்க்ரூ திருகி இழுத்துத்தான் எடுக்க முடியும், எடுத்தால் பழையது கிழிந்துவிடும். சில இடங்களில் எடுத்துவிட்டு, புதுசு போடாமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பெஞ்சில் அளவு பிரமாதமாகக் காட்டும். சில மாதத்தில் தொட்டித் துரு ஊசிக்குள் போய் உட்கார்ந்து மறுபடியும் உதறும். வாங்கும்போது ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். வலை தெரிய வேண்டும்.

கழுவுவதால் சரியாகாதவையும் உண்டு. காயில் அறுந்தது, ஊசி தேய்ந்து மூடாமல் போனது, உடம்பில் துரு தின்றது இவையெல்லாம் தேறாது. பெட்ரோல் தொட்டியில் ஊற்றும் பாட்டில் கிளீனரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பிஇஏ என்ற படிவு நீக்கும் ரசாயனம் கலந்த நல்லது லேசான படிவைக் கரைக்கும், அடைத்துப்போன வலைக்கூடையை ஒன்றும் செய்யாது. உதறத் தொடங்கிய வண்டிக்கு அந்தக் காசைக் கழுவும் கூலியில் சேர்ப்பதே மேல்.

ஹாஃப்கட் செட்

ஓரி (ஒரிஜினல்) சாமான், ஜப்பான் தயாரிப்பு, உடம்பு நன்றாக இருக்கும். கழுவும் கூலியைப் போல ஒரு பங்கோ ஒன்றரைப் பங்கோ விலை. ஆபத்து எங்கே என்றால், மிட்சுபிஷி குவியலில் எல்லாமே பார்க்க ஒரே மாதிரிதான். 4ஜி15, 4ஜி92, 4ஜி93, டர்போ 4ஜி63 எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். தவுக்கே (கடை முதலாளி) "சேம் சேம்" என்பார். சேம் இல்லை.

மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். வீராவின் இன்ஜெக்டர் 20 டிகிரியில் 13 முதல் 16 ஓம் காட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் கம்பி சூடேறி அளவு கொஞ்சம் கூடும். 34 டிகிரியில் 16 ஓம் உள்ளது கிட்டத்தட்ட 17 காட்டும், அதைக் கெட்டது என்று தள்ளாதீர்கள். நான்கும் ஒன்றுக்கொன்று ஒரு ஓமுக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மீட்டர் 2, 3 ஓம் காட்டினால் அது டர்போ எஞ்சினுடையது, கீழே வைத்துவிடுங்கள். அந்த எஞ்சினில் இடையில் ஒரு ரெசிஸ்டர் பெட்டி இருக்கும், வீராவில் இல்லை. 14 வோல்ட்டில் 14 ஓம் என்றால் ஒரு ஆம்பியர் ஓடும், 2.5 ஓம் என்றால் ஐந்தரை ஆம்பியர். ஈசியுவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில்) இன்ஜெக்டரை ஓட்டும் டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது. மலிவாக வாங்கின செட் ஈசியுவையும் சேர்த்து வாங்க வைத்துவிடும்.

ஓம் சரியாக இருந்தாலும் உடம்பில் அச்சடித்த எழுத்தும் எண்ணும் உங்கள் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய எஞ்சினின் இன்ஜெக்டர் அதிகம் ஊற்றும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி ஓரளவு குறைத்துக்கொள்ளும். அது இல்லாத பழைய வீராவுக்குக் குறைக்கத் தெரியாது, கரும்புகையோடுதான் ஓடும்.

ஹாஃப்கட் இன்ஜெக்டர் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது. உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் பிசினாக இறுகி ஊசியை ஒட்டிக்கொள்ளும். ஆகவே இதையும் பெஞ்சில் போட்டுக் கழுவித்தான் மாட்ட வேண்டும். விலையைப் பார்க்கும்போது கழுவும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். காயில் போனது ஒன்றுதான் என்றால் முழு செட் வேண்டாம். அதே எண் கொண்ட ஒன்றை வாங்கி, உங்கள் மூன்றோடு சேர்த்து நான்கையும் ஒன்றாக அளக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் வரும் புது செட்

பளபளப்புக்குக் குறையில்லை, கனெக்டர் பொருந்துகிறது, ஓமும் சரியாகவே காட்டும். பெஞ்சில் போட்டால்தான் சங்கதி தெரியும். ஒரே பெட்டியில் வந்த நான்குக்கும் இடையிலேயே அளவு வேறுபடும். பழைய இன்ஜெக்டர் ஊசிமுனைத் தெளிப்பு, புதியதில் பல துளைத் தட்டு என்றால் கூம்பின் கோணமும் மாறும். 4ஜி15-ன் 12 வால்வுத் தலைக்கென்று அமைந்த தெளிப்பு வேறு பக்கம் விழுந்தால் பெட்ரோல் போர்ட் சுவரை நனைக்கும், காலையில் தடுமாற்றம் வரும். நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் ஓ-ரிங் உட்காரும் இடம் தவறும். பெரிய கம்பெனிப் பெயரை அச்சடித்த போலிகளும் கலந்து வருவதால் பெட்டியை நம்ப முடியாது. எஞ்சின் எண்ணைச் சொல்லி, நம்பிக்கையான சாமான் கடையில் பாகத்தின் எண்ணோடு வாங்கும் ஓரி புதுசு வேறு விஷயம். அது நல்ல பொருள், ஆனால் இந்த வயது வண்டிக்கு அந்த விலையைப் போட பெரும்பாலோருக்கு மனம் வராது.

சீல் கிட்

மலிவானது இதுதான், காப்பாற்றுவதும் இதுதான். ஒரு இன்ஜெக்டருக்கு மேலே ஒரு ஓ-ரிங், அதற்குப் பக்கத்தில் ஒரு குரோமெட், கீழே மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில்) உட்காரும் தடித்த ரப்பர் இன்சுலேட்டர், சீட் என்றும் சொல்வார்கள். நான்குக்கும் முழுசாக மாற்ற வேண்டும். மேலே கசிந்தால் தீ. கீழே கசிந்தால் காற்றை இழுத்து ஐட்லிங் ஏறி இறங்கும்.

ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் ஓ-ரிங் அளவில் பொருந்தினாலும் போடாதீர்கள். அதில் பல இபிடிஎம் ரப்பர். பெட்ரோல் பட்டால் ஊதிப் பிய்ந்துபோகும். கேட்டு வாங்க வேண்டியது எஃப்கேஎம், கடையில் வைட்டான் என்றால் புரியும். ஆன்லைன் கிட்களில் ஓ-ரிங் நன்றாகவே இருக்கிறது. கீழ் இன்சுலேட்டர்தான் சிலவற்றில் மெல்லியதாக வருகிறது. பழையதோடு பக்கத்தில் வைத்துத் தடிமனை ஒப்பிட்டுப் பார்த்தே மாட்டுங்கள்.

வாசலில் மாட்டுவது

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வரிசை வீட்டு போர்ட்டிகோவில் செய்பவர்கள் வண்டியின் மூக்கு தெருவைப் பார்க்க நிறுத்துங்கள், கேட் திறந்தே இருக்கட்டும். வாசல் சாமி மாடத்தில் விளக்கோ ஊதுபத்தியோ எரிந்தால் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்தில் இந்த வேலை வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு ஊர்ந்து படிக்கட்டு வரை போகும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பெட்ரோல் மூடியைத் திறந்து தொட்டியின் காற்றை விடுங்கள். பம்ப்புக்குப் போகும் கனெக்டரையோ ரிலேவையோ கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள், தானாக அணையும். இன்னும் இரண்டு மூன்று நொடி சுற்றிவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் ஓஸைத் திறந்தால் மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோல் முகத்தில் அடிக்கும். செய்த பிறகும் ரெயிலில் (நான்கு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொடுக்கும் குழாயில்) கொஞ்சம் மிச்சம் இருக்கும், அடியில் துணி வையுங்கள்.

எதையும் உருவும் முன் ரெயிலைச் சுற்றி பிரஷ் போட்டு, காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். இருபது வருட மணல் இன்ஜெக்டரின் அடிவாரத்தில் வட்டமாகப் படிந்திருக்கும். இழுத்த நொடி அது அப்படியே வால்வுக்குள் விழும். கனெக்டர்களில் 1 முதல் 4 வரை டேப் ஒட்டி எழுதுங்கள். கம்பிக் கிளிப் போட்ட பழைய கனெக்டரில் கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூட்ரைவரால் நெம்பும்போது மறு கையால் துணி வைத்துப் பிடியுங்கள். தெறித்தால் கிடைக்காது. பிளாஸ்டிக் சூட்டில் மொறமொறத்துப் போயிருக்கும், வயரைப் பிடித்து இழுத்தால் உடையும்.

பெட்ரோல் வரும் ஓஸ், ரிட்டர்ன் ஓஸ், வாக்கும் ஓஸ் மூன்றையும் எடுத்து, ரெயில் போல்ட்டுகளைக் கழற்றி, ரெயிலை இன்ஜெக்டர்களோடு நேராக மேலே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் முனை வளையும். ரெயிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இன்சுலேட்டர் துண்டுகள் கீழே விழும், தொலைக்காதீர்கள். அவை இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் இன்ஜெக்டர் நசுங்கும். பழைய ரப்பர் சீட் துளைக்குள்ளேயே ஒட்டியிருந்தால் நான்கையும் எண்ணி எடுத்துவிட்டு, துளைகளைச் சுத்தமான துணியால் அடையுங்கள். பழைய சீட் மேல் புதுசு ஏறினால் எவ்வளவு முறுக்கினாலும் காற்று போகும்.

திரும்ப மாட்டும்போது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு சுத்தமான எஞ்சின் ஆயில் அல்லது பெட்ரோல் தடவுங்கள், ரெயிலுக்குள் ஆயில் போகக் கூடாது. சிலிக்கான் கிரீஸ் வேண்டாம், ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். இன்ஜெக்டரை இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே ரெயிலில் அழுத்துங்கள். உட்கார்ந்த பிறகு விரலால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பிடித்தால் ஓ-ரிங் மடங்கியிருக்கிறது. வெளியே எடுத்து, வெட்டுப்பட்டிருந்தால் வேறு போடுங்கள். சீல் கிட் வாங்கும்போதே இரண்டு ஓ-ரிங் கூடுதலாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான். ரெயில் போல்ட் 10 முதல் 13 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியத் துளையில் மரை எளிதில் போய்விடும், நீளக் கைப்பிடி ராட்செட்டைத் தள்ளி வையுங்கள்.

பெட்ரோல் வரும் ஓஸ் மூட்டில் இருக்கும் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். கிட்டில் அது பெரும்பாலும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். ரப்பர் ஓஸ் வெடித்திருந்தால் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்த இன்ஜெக்‌ஷன் ஓஸ்தான் போட வேண்டும். ஆர்6, ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கானவை. பெட்ரோல் பில்டரையும் அன்றே மாற்றிவிடுங்கள், கழுவிய இன்ஜெக்டருக்குள் பழைய அழுக்கை அனுப்புவதில் அர்த்தமில்லை.

ஸ்டார்ட் செய்யும் முன்னும் பின்னும்

பம்ப்பை மாட்டி, பேட்டரியை இணைத்து, ஒருவர் சாவியைப் போட்டு இரண்டு நொடி மட்டும் சுற்றட்டும், இன்னொருவர் டார்ச்சோடு ரெயிலைப் பார்க்கட்டும். நான்கு மேல் ஓ-ரிங், ஓஸ் மூட்டு, ரெகுலேட்டர், ரிட்டர்ன் ஓஸ் ஒவ்வொன்றின் அடியிலும் விரல் வைத்துத் தடவி மோந்து பாருங்கள். ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பிரித்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், ஓ-ரிங் கசிவை போல்ட் நிறுத்தாது.

ஓடத் தொடங்கிய பிறகு ஐட்லிங் ஏறி இறங்கினால் கீழ் சீட்டைச் சந்தேகியுங்கள். சிலர் கார்புரேட்டர் ஸ்ப்ரே அடித்துக் கண்டுபிடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அது தீயை அழைக்கிற காரியம். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரும் கேபிளும் நனையாமல், ஒவ்வொரு சீட்டின் மேலும் மெல்லத் தெளியுங்கள். எங்கே தெளிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் காற்று போகிறது.

எஞ்சின் சூடேறியதும் நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒழுகல் நின்றிருந்தால் ஒரே சுற்றில் பிடிக்கும். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்த வண்டிக்கு அன்றைக்கே ஆயிலும் ஆயில் பில்டரும் மாற்றுங்கள். மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய நிலையில், மேல் ஓ-ரிங்குகளை இன்னொரு முறை தடவிப் பாருங்கள். சூட்டில் விரிந்து அடைத்திருந்த ரப்பர் ஆறும்போதுதான் கசிவைக் காட்டும். ஈரம் இல்லை என்றால் வண்டியை எடுக்கலாம்.